காசு இருக்கு, ஆனா ஜூன்ல இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இருபது வருஷமா உங்க பேப்பர் வாசகன்னு பொய் சொல்லி ஆரம்பிக்க மாட்டேன், நான் காசு குடுத்து வாங்குறதே இல்லீங்க, என் கடைக்கு எதிர்த்தாப்ல இருக்கிற டீக்கடையில ஓசியிலதான் படிக்கிறேன். அறந்தாங்கியில 14 வருஷமா ஜெராக்ஸ் கடை, கூட ரெண்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங், அப்ளிகேஷன், லேமினேஷன் எல்லாம் பாக்குறேன். வருஷா வருஷம் மே மாசம் +2 ரிசல்ட் வந்த மறுநாள் நீங்க முதல் பக்கத்துல ஸ்வீட் ஊட்டுற போட்டோ போடுவீங்கல்ல, அந்தப் பேப்பரை அப்படியே மடிச்சு கக்கத்துல வச்சுக்கிட்டு பிள்ளைங்களைக் கூட்டிட்டு என் கடைக்குதான் வருவாங்க. வந்து கேக்குற முதல் கேள்வி எந்தக் கோர்ஸ் நல்லதுன்னு இல்ல. "அண்ணே, காசுக்கு ஏதாச்சும் வழி இருக்கா" அதான்.

வழி இருக்கு. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, நம்ம ஸ்டேட்ல காலேஜ் பிள்ளைகளுக்கு குடுக்குற உதவி மாதிரி இந்தியாவுலயே கொஞ்ச ஸ்டேட்லதான் இருக்கும்னு நான் அடிச்சு சொல்வேன். ஆனா அது எந்த டிபார்ட்மென்ட்ல இருக்கு, எந்த சர்டிபிகேட்டை எப்ப வாங்கணும், எந்த பாக்ஸ்ல டிக் அடிக்கணும், எந்த பேங்க் அக்கவுண்ட் குடுக்கணும்னு சொல்ல ஆள் இல்ல. அதைச் சொல்ற ஆளா ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் இருக்கான், அவனுக்கும் பாதிதான் தெரியும். அதுக்குதான் இந்த லெட்டர்.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆயிரம் ரூபாய்ல இருந்து வர்றேன். புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5ல ஆரம்பிச்சது. 6ஆவது முதல் 12ஆவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ எது சேர்ந்தாலும் முடிக்கிற வரைக்கும் மாசம் 1,000. பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன்னு 2024 ஆகஸ்ட் 9ல கோயம்புத்தூர்ல ஆரம்பிச்சாங்க, அதே ஆயிரம். இப்ப கவர்மென்ட் எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைகளுக்கும் உண்டு. வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனியா வரும், நிறைய பேரு "அது வாங்கினா இது கட்டாயிடும்ணே"ன்னு பயந்துக்கிட்டு போடாமலே விட்டுடுறாங்க, அப்படி இல்ல, ரெண்டும் வாங்கலாம். தபால்ல படிக்கிறவங்களுக்குதான் கிடையாது.

புதுமைப்பெண் திட்டத்தோட முழுப்பேரு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்லதான் இருக்கு, இதே பேர்ல முன்னாடி இருந்தது கல்யாண உதவி. பத்தாவது படிச்ச பொண்ணுக்கு 25,000, டிகிரி முடிச்சா 50,000, கூட தாலிக்கு 8 கிராம் தங்கம். அதை மாத்தி படிப்புக்கு மாசக்காசா குடுக்கப்போறோம்னு சொன்னப்போ என் கடை பெஞ்சுல உக்காந்து திட்டாத ஆள் இல்ல, என் அக்காவே திட்டுச்சு, "மகளுக்கு வர வேண்டிய ஒரு பவுனை பிடுங்கிட்டானுங்க"ன்னு. எனக்கும் அப்ப அப்படித்தான் தோணுச்சு. இப்ப தோணல. வருஷத்துக்கு 12,000, மூணு வருஷத்துக்கு 36,000, தங்கம் விக்கிற விலைக்கு கணக்குப் பாத்தா பழசுதான் லாபம், ஆனா இந்தக் காசு பொண்ணு கையில அவ அக்கவுண்ட்ல வருது, பஸ்ஸுக்கு, நாப்கினுக்கு, ரெக்கார்ட் நோட்டுக்கு அப்பன்கிட்ட கை நீட்ட வேண்டியதில்ல. மாசம் பொறந்தா என் கடையில வந்து "அண்ணே ஏறிடுச்சா பாருங்க"ன்னு கேக்குற பொண்ணுங்க முகத்தைப் பாத்தா புரியும்.

ஆனா இந்த 6 டூ 12ங்கிற கோடு இருக்கே, அதுல அடிபட்டவங்க நிறைய. கொரோனா வந்த 2020ல எத்தனை பேரு பிரைவேட் ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்ட முடியாம கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்தினாங்கன்னு உங்களுக்கே தெரியும், நீங்களே நியூஸ் போட்டீங்க. எங்க தெருவுல ஒரு பொண்ணு, அப்பா டெம்போ ஓட்டுறவர், ஏழாவது வரைக்கும் சின்ன மெட்ரிக் ஸ்கூல், 2020ல எட்டாவதுக்கு கவர்மென்ட் ஸ்கூல், அங்கயே 12 வரைக்கும் படிச்சு போன வருஷம் காலேஜ் சேந்தா. ஆறு ஏழு ரெண்டு வருஷம் குறையுது, ஆயிரம் கிடையாது. அதே தெருவுல இன்னொரு பிள்ளை, பிரைவேட் ஸ்கூல்ல ஆர்டிஇ-ல, அதான் கல்வி உரிமைச் சட்டத்துல, ஃப்ரீ சீட்டு வாங்கி எட்டாவது வரைக்கும் படிச்சு, 9ல இருந்து 12 வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல். அந்தப் பிள்ளைக்கு உண்டு, ரூல்லயே அப்படி விலக்கு வச்சிருக்காங்க. வச்சது தப்புன்னு சொல்லல, ரொம்ப சரி. ஆனா கடன் வாங்கி ஃபீஸ் கட்டி, முடியாம போயி மாத்தினவனுக்கு ஒண்ணும் இல்லைன்னா அவன் என்கிட்ட வந்து "அப்ப நான் ஃபீஸ் கட்டினதுதான் தப்பாண்ணே"ன்னு கேக்குறான், என்ன சொல்ல? கொரோனா வருஷத்துல மாறின பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு தளர்வு குடுத்தா என்ன குடி முழுகிடும்? இன்னும் ரெண்டு மூணு பேட்ச்தான் வரும் அந்தப் பிள்ளைங்க, அப்புறம் அந்த பிரச்னையே இருக்காது.

இப்ப பெரிய காசு பத்தி. இன்ஜினியரிங், மெடிக்கல், அக்ரி, லா, வெட்னரி மாதிரி படிப்புக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு, மெடிக்கலுக்கு 2020ல வந்தது, மத்த படிப்புகளுக்கு 2021ல. இதுவும் கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைகளுக்கு. இதுல சீட் கிடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல், கவுன்சிலிங் ஃபீஸ் எல்லாம் கவர்மென்டே கட்டுது. அப்புறம் முதல் பட்டதாரி சலுகை, வீட்ல யாருமே டிகிரி முடிக்கலைன்னா இன்ஜினியரிங் ஃபீஸ்ல வருஷத்துக்கு 25,000 வரைக்கும் கழியும். அப்புறம் எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாவதுக்கு மேல படிக்கிறதுக்கான ஸ்காலர்ஷிப், அதோட 2012ல போட்ட அரசாணை 92, காலேஜ் ஆபீஸ்ல "தொண்ணூத்திரெண்டு"ன்னு சொன்னாலே புரிஞ்சுக்குவாங்க, பிரைவேட் காலேஜ்ல படிச்சாலும் ஃபீஸை கவர்மென்ட் ஏத்துக்கிற ஆர்டர். மதம் மாறின ஆதிதிராவிட கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் நம்ம ஸ்டேட் குடுக்குது, சென்ட்ரல்ல குடுக்குறதில்ல.

இந்த மூணுக்கும் பொதுவா ஒரு வாசல்தான், கவுன்சிலிங். ஏழரையும் முதல் பட்டதாரியும் கவுன்சிலிங்ல வந்தாத்தான், போஸ்ட் மெட்ரிக்கும் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு கிடையாது. இதை நான் கத்தி கத்தி சொல்றேன். ஏன்னா ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயங்காலமே புரோக்கர் வந்துடுறான். காலேஜ் பஸ்ஸு, கோட் போட்ட சார், கையில ஃபைலு. "கவுன்சிலிங் எல்லாம் எதுக்கும்மா அலையுறீங்க, இப்பவே சீட்டு கன்ஃபார்ம் பண்ணிக்கலாம், ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கித் தர்றோம், ஒரு அஞ்சாயிரம் மட்டும் குடுங்க, ஒரிஜினல் மார்க் ஷீட்டு டிசி குடுங்க"ன்னு வீட்டு வாசல்ல நிக்கிறான். ஒரிஜினலை குடுத்துட்டா முடிஞ்சுது, அப்புறம் கவுன்சிலிங்காவது ஒண்ணாவது. முதல் செமஸ்டர் முடியும்போதுதான் தெரியும், அந்த சீட்டு மேனேஜ்மென்ட் சீட்டுன்னு, ஸ்காலர்ஷிப் வராதுன்னு. கவர்மென்ட் ஸ்கூல்ல நல்ல மார்க் எடுத்த பிள்ளை, ஏழரையில போயிருந்தா நாலு வருஷம் பத்து பைசா கட்டாம படிச்சிருக்கும், அது 60,000 70,000 கட்டிக்கிட்டு கிடக்கும். இன்ஜினியரிங் கவுன்சிலிங் ரிஜிஸ்ட்ரேஷன் 500 ரூபா, எஸ்சி எஸ்டிக்கு 250. கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் அப்ளிகேஷன் ஃபீஸே 48 ரூபா, பதிவுக்கு 2 ரூபா. இந்த 500ஐ மிச்சம் பிடிக்கப்போயி லட்சங்களை விட்டவங்களை நான் பேரோட சொல்லுவேன், லெட்டர்ல வேணாம்.

ஊருக்கு உபதேசம் பண்றேனே, என் வீட்டுக் கதையை கேளுங்க. பெரியவ கவர்மென்ட் ஸ்கூல், 2021ல கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.ஏ. தமிழ் சேர்ந்தா, 2024ல முடிச்சா, ரெண்டாவது வருஷத்துல இருந்து ஆயிரம் வாங்கினா, சந்தோஷம். அங்க ஃபீஸ்னு பெருசா ஒண்ணும் இல்ல, அதனால முதல் பட்டதாரி சலுகைங்கிற பேச்சே எழல. அவ முடிச்ச அதே வருஷம் சின்னவனுக்கு இன்ஜினியரிங் சீட்டு. அவனை நாங்கதான் ஆசைப்பட்டு எய்டட் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன்ல போட்டோம். எய்டட்ங்கிறதால ஏழரை கிடையாது. இங்கிலீஷ் மீடியம்ங்கிறதால தமிழ்ப்புதல்வன் கிடையாது. சரி முதல் பட்டதாரியாவது வாங்குவோம்னு பாத்தா வீட்ல ஏற்கனவே ஒரு பட்டதாரி இருக்கா, அவன் அக்கா, அதனால அதுவும் கிடையாது. மூணு கதவும் சாத்திடுச்சு. ஊர்ல இருக்கிறவன் பிள்ளைக்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டவன் என் பிள்ளைக்கு முழு ஃபீஸ் கட்டுறேன், என் பொண்டாட்டி இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா.

எனக்கு கோவம் கட்டுறதுல இல்லீங்க. முதல் பட்டதாரின்னா என்ன அர்த்தம்? படிப்பு வாசனையே இல்லாத வீட்ல இருந்து ஒரு பிள்ளை மேல வரணும்னுதான 2010ல அந்த சலுகையைக் கொண்டு வந்தாங்க. என் மக சலுகையே வாங்காம டிகிரி முடிச்சா, அந்த சலுகை யாருக்குமே போகாம காத்துல போச்சு. ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைன்னு வைங்க, பயன்படுத்தலைன்னா அடுத்த பிள்ளைக்குப் போகட்டும்னு ஒரு வரி சேர்த்தா போதும். சட்டம் போடுறவங்க வீட்ல இந்தக் கணக்கு வராது, அதான் தெரியல போல.

அடுத்தது வருமானம். போஸ்ட் மெட்ரிக்குக்கு வருஷ வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு இந்த வரம்பு 2013ல வச்சது. மாசத்துக்கு பிரிச்சா 20,833 ரூபா. 2013ல கொத்தனார் கூலி என்ன, இப்ப என்ன? இன்னைக்கு ஆயிரம் ரூபா கூலிக்கு மாசம் 25 நாள் வேலை கிடைச்சா அந்த மேஸ்திரிக்கு வருஷம் 3 லட்சம், அப்ப அவர் பணக்காரர். அதே நாட்டுல 2019ல முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 சதவீதம் குடுத்தப்போ 8 லட்சம் வரைக்கும் ஏழைன்னு சொல்லிட்டாங்க. ஏழைக்கு ஏழை இவ்வளவு வித்தியாசமா? போஸ்ட் மெட்ரிக்கோட 2.5 லட்சம் சென்ட்ரல் வரம்புதான், தெரியும், ஆனா ஸ்டேட் தன் காசுல குடுக்குற பிசி எம்பிசி உதவிகளும் அதே 2.5 லட்சத்துலதான் நிக்குது, அதையாவது நம்ம ஆளுங்க உயர்த்தலாம்ல.

நடைமுறையில என்ன நடக்குதுன்னா யாருக்கு சர்டிபிகேட் வாங்கினாலும் 72,000, இல்லைன்னா 96,000ன்னுதான் வரும். எல்லாரும் சிரிச்சுக்குவோம். ஆனா ஒரு தடவை ஒரு அப்பா, மில்லுல வேலை, சம்பளச் சீட்டை அப்படியே ஒட்டி உண்மையான வருமானத்தை போடச் சொன்னார். 2,64,000. வரம்பை விட 14,000 கூட. நான் சொன்னேன், "அண்ணே கொஞ்சம் யோசிங்க"ன்னு. "எழுதினா உள்ளதை எழுதுப்பா"ன்னுட்டார். பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வரல. அவர் வருத்தப்படல, எனக்குதான் ரெண்டு நாள் மனசு கேக்கல.

இப்ப தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். காசு வருது, ஆனா எப்ப வருது? காலேஜ் ஃபீஸ் கேக்குறது ஜூன் ஜூலையில. ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் ஓப்பன் ஆகுறதே பிள்ளை காலேஜ் சேந்து மாசக்கணக்கு ஆன பிறகு. அப்புறம் காலேஜ் வெரிஃபை பண்ணணும், டிபார்ட்மென்ட் வெரிஃபை பண்ணணும், அப்புறம் ஏறும். 2021க்கு அப்புறம் ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக்ல ஸ்டேட்டோட 40 சதவீதம் முதல்ல பிள்ளை அக்கவுண்டுக்கு ஏறணும், அதுக்குப் பிறகுதான் சென்ட்ரல் 60 சதவீதம் தனியா ஏறும். முன்னாடி ஃபீஸ் காசு நேரா காலேஜுக்கே போகும், இப்ப பிள்ளை கைக்கு வந்து பிள்ளை கட்டணும். நல்ல எண்ணத்துலதான் மாத்திருப்பாங்க, காலேஜ்காரங்க இல்லாத பிள்ளை பேர்ல எல்லாம் காசு எடுத்துடக் கூடாதுன்னு. ஆனா ரெண்டு தவணையும் ரெண்டு நேரத்துல வர்றதால என்ன ஆகுதுன்னா, காலேஜ்ல "வந்தப்புறம் கட்டுறேன்"ங்கிற சொல்லை ஏத்துக்க மாட்டேங்குறாங்க.

போன நவம்பர்ல ஒரு பொண்ணு என் கடையில உக்காந்து அழுதா. பிரைவேட் காலேஜ், பேரு சொல்லல. ஃபீஸ் பாக்கின்னு ஹால் டிக்கெட் குடுக்கல, மறுநாள் காலையில எக்ஸாம். ஸ்காலர்ஷிப் ஸ்டேட்டஸ் பாத்தா "இன்ஸ்டிடியூட் லெவல் பெண்டிங்". அதாவது இவளை வெளிய நிறுத்துற அதே காலேஜ்தான் இவ அப்ளிகேஷனையும் வெரிஃபை பண்ணாம வச்சிருக்கு. அந்த ஸ்கிரீனை அப்படியே கலர் பிரின்ட் எடுத்துக் குடுத்தேன், அவ அம்மா தோட்டை அடகு வச்சு பாதி கட்டினாங்க, பிரின்டையும் காட்டினாங்க, எப்படியோ எழுதிட்டா. கலர் பிரின்டுக்கு நான் காசு வாங்கலங்க, அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சது.

இதுக்கெல்லாம் மருந்து ரூல்லயே இருக்கு. சென்ட்ரல் வழிகாட்டு நெறியில ஃப்ரீஷிப் கார்டுன்னு ஒண்ணு சொல்லிருக்காங்க, தகுதியுள்ள எஸ்சி பிள்ளைக்கு சேருறதுக்கு முன்னாடியே அந்தக் கார்டை குடுத்துடணும், அதை காட்டினா காலேஜ்ல டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் முன்பணமா கேக்கக்கூடாது. எவ்வளவு அருமையான விஷயம். 14 வருஷமா கடை வச்சிருக்கேன், லேமினேட் பண்றதுக்குன்னு அந்தக் கார்டை எடுத்துக்கிட்டு ஒரு பிள்ளை கூட என் கடைக்கு வந்ததில்ல.

சரி, காசு அனுப்பிட்டாங்கன்னே வைங்க, போய் சேரணும்ல. பேங்க் அக்கவுண்ட் கூத்தைப் பத்தி தனியா ஒரு லெட்டரே எழுதலாம். இப்ப அக்கவுண்ட் நம்பருக்கு காசு வர்றதில்ல, ஆதாருக்கு வருது. கடைசியா எந்த பேங்க்ல ஆதாரை சீடிங் பண்ணீங்களோ, அதான் அக்கவுண்டோட இணைச்சீங்களோ, அங்க போய் விழும். ஒரு பையன் மூணு மாசமா காசு வரலன்னு அலைஞ்சான், காலேஜ்ல கேட்டா அனுப்பிட்டோம்ங்கிறாங்க, பேங்க்ல கேட்டா வரலைங்கிறாங்க. ஆதார் சைட்ல போய் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பாத்தா அவன் கேள்விப்படாத ஒரு பேங்க் பேரு வருது. யோசிச்சு யோசிச்சு கடைசியில பிடிச்சோம், மொபைல் கடையில சிம் வாங்கினப்போ கை ரேகை வச்சிருக்கான், அவன் சிம்முக்கு வச்சேன்னு நினைச்சான், அதோட ஒரு அக்கவுண்டும் திறந்துட்டாங்க. மூணு ஆயிரமும் அங்க பத்திரமா தூங்கிக்கிட்டு இருக்கு. அதனால நான் இப்ப எந்தப் பிள்ளை வந்தாலும் முதல்ல அந்த ஸ்டேட்டஸைதான் பாக்குறேன், சந்தேகமா இருந்தா போஸ்ட் ஆபீஸ்ல புதுசா ஒரு அக்கவுண்ட் திறந்து ஆதார் சேத்துக்கன்னு அனுப்புறேன், அங்க சீக்கிரம் முடிச்சுக் குடுக்குறாங்க.

பேரு தகராறு இன்னொண்ணு. நம்ம ஊர்ல இனிஷியல். மார்க் ஷீட்ல இனிஷியல் பின்னாடி, ஆதார்ல முன்னாடி, பேங்க்ல அப்பா பேரை முழுசா போட்டிருப்பான், கம்யூனிட்டி சர்டிபிகேட்ல ஒரு எழுத்து கூட இருக்கும். மனுஷனுக்கு எல்லாம் ஒரே ஆள்னு தெரியும், கம்ப்யூட்டருக்கு நாலு ஆள். பிள்ளைங்க விவரத்தை கவர்மென்ட் கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வைக்கிறதுக்கு ஸ்கூல்ல எமிஸ் நம்பர், காலேஜ் வந்தா யூமிஸ் நம்பர், எமிஸ்ல எந்த வருஷம் எந்த ஸ்கூல்ங்கிறது தப்பா ஏறியிருந்தா கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளையே இல்லைன்னு காட்டிடும். ஓடிபி வர்ற நம்பரு அப்பன் எப்பவோ தூக்கிப்போட்ட நம்பரா இருக்கும். இதெல்லாம் ஸ்கூல்ல இருக்கும்போதே, பிளஸ் ஒன்லயே சரி பண்ண வேண்டிய விஷயம். மே மாசம் லாஸ்ட் டேட்டுக்கு முதல் நாள் ராத்திரி 11 மணிக்கு என் கடையில வந்து சரி பண்ற விஷயமில்ல.

யாருக்குமே தெரியாத உதவிகளும் கிடக்கு. அப்பா கட்டடத் தொழிலாளர் வாரியத்துல பதிஞ்சிருந்தா பிள்ளை படிப்புக்கு வருஷா வருஷம் ஒரு தொகை உண்டு, தொகை சின்னதுதான், ஆனா கார்டை புதுப்பிக்காம விட்டுட்டு பாதி பேரு அதை இழக்குறாங்க. சிறு விவசாயி, விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு உழவர் பாதுகாப்பு திட்டத்துல இருக்கு. ஐஐடி, என்ஐடி போற பிசி, எம்பிசி பிள்ளைகளுக்கு வருஷம் 2 லட்சம் வரைக்கும், கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு ஐஐடி மாதிரி இடத்துக்குப் போனா முதல் டிகிரி செலவு முழுசும் ஸ்டேட் ஏத்துக்குது. எஸ்சி எஸ்டி பிள்ளைகள் வெளிநாட்டுல மேல்படிப்பு படிக்க அண்ணல் அம்பேத்கர் பேர்ல வருஷத்துக்கு 36 லட்சம் வரைக்கும் குடுக்குறாங்க, இதைச் சொன்னா என் கடையில யாரும் நம்புறதில்ல, "போண்ணே, முப்பத்தாறாயிரமா இருக்கும், சரியா படி"ங்கிறாங்க. கவர்மென்ட் ஹாஸ்டல்ல தங்குற காலேஜ் பிள்ளை சாப்பாட்டுக்கு மாசம் 1,100 குடுத்தது 2023ல 1,500 ஆச்சு. நாளைக்கு 50 ரூபா. எங்க டீக்கடையில ரெண்டு டீ ரெண்டு வடை சாப்பிட்டா முடிஞ்சுடும், இதுல மூணு வேளை சாப்பாடு போடணும் அந்த வார்டன். உயர்த்தினது நல்லது, அதுக்காக அங்கயே நின்னுடக் கூடாது.

பேங்க் லோன் பத்தி நான் பேசல. 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் கேக்கக்கூடாதுன்னு இருக்கு, கேக்குறாங்க, அது வேற வயித்தெரிச்சல்.

உங்ககிட்ட ஒரு உதவி கேக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த அறிவிப்பெல்லாம் உங்க பேப்பர்ல வராம இல்ல, வருது. கலெக்டர் செய்திக்குறிப்புன்னு ஏழாம் பக்கத்துல கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்குப் பக்கத்துல நாலு வரி, "தகுதியுடைய மாணாக்கர்கள் உரிய சான்றுகளுடன் விண்ணப்பித்துப் பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்". எந்த சான்று, எங்க வாங்குறது, எத்தனை நாள் ஆகும், ஒண்ணும் இருக்காது. பெரும்பாலும் கடைசி தேதிக்கு மூணு நாள் முன்னாடிதான் வரும். அதுக்குப் பதிலா ஏப்ரல் மாசம், +2 பரீட்சை முடிஞ்சு பிள்ளைங்க சும்மா இருக்கிற அந்த நேரத்துல, ஒரு அரைப்பக்கம் போடுங்க. நம்ம பேசுற தமிழ்ல. முதல் பட்டதாரி சர்டிபிகேட்டை இப்பவே இ-சேவையில போடு, 60 ரூபாதான், கவுன்சிலிங் அப்ளிகேஷன் போடுறப்போ கையில இருக்கணும். வருமானச் சான்று பழசா இருந்தா புதுசா வாங்கு. ஆதார் எந்த பேங்க்ல நிக்குதுன்னு பாரு. ஒரிஜினலை எவன் கேட்டாலும் குடுக்காத. இவ்வளவுதான். இ-சேவைக்கு மேல நானும் என் கூலின்னு 50 ரூபா வாங்குறேன், மறைக்கல, எல்லா பிள்ளையும் தானே போட்டுக்கிட்டா என் வியாபாரம்தான் போகும், போகட்டும், ரெக்கார்ட் நோட்டு பைண்டிங் இருக்கு.

கவர்மென்டுக்கும் ஒண்ணு சொல்லணும்னா, முதல் தவணையை ஜூன்லயே குடுங்க. வெரிஃபை எல்லாம் அப்புறம் பண்ணிக்கங்க, பிள்ளை எங்கயும் ஓடிடாது, காலேஜ்லதான் இருக்கும். பள்ளிக்கூடத்துல இருக்கிற வரைக்கும் எல்லா விவரமும் எமிஸ்ல உங்ககிட்டதான இருக்கு, காலேஜ் சேர்ந்ததும் ஏன் மறுபடி முதல்ல இருந்து நீ யாருன்னு கேக்குறீங்க?

இந்த லெட்டரை டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே ஒரு அம்மா வந்தாங்க, நூறு நாள் வேலை அட்டையோட. மக டிப்ளமோவா பி.எஸ்சி.யான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கு, எதுக்கு ஆயிரம் வரும்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் வரும்னேன். அப்ப எது படிக்கணும்னு ஆசைப்படுதோ அதையே சேத்துடலாமான்னு கேட்டாங்க. சேத்துடலாம்மான்னேன்.

நீங்க அந்த அரைப்பக்கத்தை போட்டீங்கன்னா நான் என் செலவுல 500 காப்பி எடுத்து சுத்துவட்டாரத்துல இருக்கிற அத்தனை கவர்மென்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல் நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டுறேன். ஜெராக்ஸ் எடுத்தா கேஸ் போட மாட்டோம்னு மட்டும் ஒரு வரி சேத்து போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
அறந்தாங்கி.